புளூட்டோவின் பங்காளிகள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் சனிக் கோளின் வளையம் பற்றி ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, "கோள்கள் எட்டும்" என்று போகிற போக்கில் இரண்டு சொல் எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டு சொல்லைப் பற்றித்தான். அதனால் இந்த இதழில் வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை, முழுக்கப் புளூட்டோவும் அதன் சொந்தபந்தமும்தான்.

கேள்வி: முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு ஒன்பது கோள் என்று சொல்லிக்கொடுத்தேன். இப்போது என் பேத்தி "எட்டுதான் அப்பத்தா" என்கிறாள். நான் சொல்லிக்கொடுத்தது தப்பா? புளூட்டோ அப்படி என்ன பாவம் செய்தது?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, மேலூர்

டீச்சர், முதலில் அந்தக் குறையை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். நீங்கள் பாடம் நடத்திய காலத்தில் எந்த வானியல் புத்தகத்தைத் திறந்தாலும் ஒன்பதுதான். 2006 ஆகஸ்ட் 24 அன்று, பிராக் நகரத்தில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியத்தில் நானூற்றுச் சொச்சம் பேர் ஓட்டுப் போட்டு, நம் சூரியக் குடும்பத்தில் எதைக் கோள் என்று சொல்வது என முதல் தடவையாக ஒரு வரையறை எழுதினார்கள். எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே என்று அதுவரை யாரும் அதை எழுதி வைக்கவே இல்லை. அந்த வரையறை கேட்பது மூன்று: சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பாலேயே உருண்டையாகத் திரண்டிருக்க வேண்டும், தான் போகிற பாதையில் தன் அளவுக்கு வேறு ஆள் இல்லாதபடி அந்த வட்டாரத்தைத் தன் வசமாக்கியிருக்க வேண்டும். முதல் இரண்டில் புளூட்டோ தேறியது. மூன்றாவதில்தான் நின்றுபோனது. அப்படி இரண்டில் தேறி மூன்றாவதில் நிற்பவற்றுக்குக் குறுங்கோள் என்று பெயர் வைத்தார்கள். சில பாடப்புத்தகங்களில் குள்ளக்கோள் என்றும் இருக்கும், இரண்டும் ஒன்றுதான்.

புளூட்டோ பாவம் எதுவும் செய்யவில்லை டீச்சர், அதன் பங்காளிகள் வந்து சேர்ந்தார்கள். 1930-ல் அதைக் கண்டுபிடித்தபோது நெப்டியூனுக்கு அப்பால் அது ஒற்றை ஆள். அறுபது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் இருந்தது. 1992-ல் டேவிட் ஜெவிட், ஜேன் லூ என்ற இரண்டு பேர் ஹவாய்த் தீவின் மௌனா கீ மலையிலிருந்து அதே வட்டாரத்தில் இன்னொரு சின்ன உருண்டையைப் பார்த்தார்கள். அப்புறம் வருஷா வருஷம் வரிசையாகக் கிடைக்க ஆரம்பித்து, இன்றைக்கு அந்தக் கைப்பர் பட்டையில் ஆயிரக்கணக்கான பனி உருண்டைகள் பெயரும் எண்ணுமாகப் பதிவாகியிருக்கின்றன. 2005-ல் வந்ததுதான் பெரிய பங்காளி, ஈரிஸ். குறுக்களவில் புளூட்டோவுக்குச் சற்றே குறைவு, 2,326 கிலோமீட்டர், புளூட்டோ 2,377. ஆனால் எடையில் ஈரிஸ் 27 சதவீதம் கூடுதல். புளூட்டோ கோள் என்றால் அதைவிடக் கனமான ஈரிஸும் கோள்தானே? ஈரிஸ் என்பது கிரேக்கக் கதைகளில் சண்டை மூட்டிவிடும் தேவதையின் பெயர், அதை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தார்கள். அது மூட்டிய பங்காளிச் சண்டை பிராக் ஓட்டெடுப்பில் போய் முடிந்தது.

இது முதல் தடவையும் இல்லை. 1801 ஜனவரி 1 அன்று சிசிலித் தீவில் பியாசி என்பவர் செரஸைக் கண்டுபிடித்தபோது அதையும் கோள் என்றுதான் புத்தகத்தில் சேர்த்தார்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் அதே மாதிரி இன்னும் இன்னும் கிடைத்துக்கொண்டே போனதால், ஐம்பது வருஷம் கழித்து எல்லாவற்றையும் சேர்த்துச் சிறுகோள்கள் என்று தனிக் கூட்டமாக்கினார்கள். அந்தக் கால ஆசிரியர்களும் உங்களைப் போலவே தங்கள் கணக்கை மாற்ற வேண்டி வந்தது. செரஸ் உருண்டையாக இருப்பதால் 2006-ல் அதுவும் குறுங்கோளாகிவிட்டது.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்றாவது நிபந்தனையை இன்னும் தெளிவாக எழுதியிருக்கலாம். புளூட்டோவுக்கு விண்கலம் அனுப்பிய குழுவின் தலைவர் ஆலன் ஸ்டெர்ன் உட்படப் பல பேர் அதை இன்றைக்கும் ஏற்கவில்லை. ஆனாலும் புளூட்டோவை அதன் சொந்தக்காரர்களோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அது எங்கே பிறந்தது, ஏன் அப்படிச் சாய்ந்து சுற்றுகிறது என்பதெல்லாம் பிடிபடுகிறது. ஒன்பதாவது கோள் என்று கடைசி நாற்காலியில் தனியாக உட்கார வைத்திருந்தவரை அது எதுவும் நமக்குத் தெரியவில்லை.

பேத்தியிடம் ஒன்று கேளுங்கள்: "1979-லிருந்து 1999 வரை சூரியனுக்குத் தூரத்தில் இருந்தது எது, நெப்டியூனா புளூட்டோவா?" நெப்டியூன்தான். அந்த இருபது வருஷம் புளூட்டோ உள்ளே வந்திருந்தது. இரண்டும் மோதாதா என்று திருப்பிக் கேட்டால், மோதாது. நெப்டியூன் சூரியனை மூன்று சுற்று சுற்றும் நேரத்தில் புளூட்டோ சரியாக இரண்டு சுற்று முடிக்கும். அந்தத் தாளத்தில் போகிறவரை இரண்டும் பக்கத்தில் வருவதே கிடையாது.

கேள்வி: புளூட்டோ நம் நிலாவை விடச் சின்னது என்று எங்கள் சார் சொன்னார். அப்படியானால் நிலாவையும் ஏன் குறுங்கோள் என்று சொல்லவில்லை?
— ஒன்பதாம் வகுப்பு மாணவர், உசிலம்பட்டி

நல்ல கேள்வி தம்பி. அளவை வைத்துப் பார்த்தால் நீ கேட்பது நியாயம்தான், நிலா 3,474 கிலோமீட்டர், புளூட்டோவை விட எவ்வளவோ பெரிது. எடையில் புளூட்டோ நிலாவில் ஆறில் ஒரு பங்குதான். ஆனால் இங்கே பார்ப்பது யாரைச் சுற்றுகிறது என்பதை. நிலா பூமியின் வீட்டுப் பிள்ளை, புளூட்டோ தனிக் குடித்தனம். வியாழனின் துணைக்கோளான கானிமீடு புதன் கோளை விடவே பெரிது, இருந்தாலும் அது துணைக்கோள்தான்.

இதில் ஒரு கதை இருக்கிறது. நெப்டியூனுக்கு ட்ரைட்டான் என்று ஒரு பெரிய துணைக்கோள், 2,700 கிலோமீட்டர் குறுக்களவு, புளூட்டோவை விடப் பெரிது. நெப்டியூன் ஒரு பக்கம் சுழல, இது எதிர்ப்பக்கமாக அதைச் சுற்றுகிறது. கூடவே பிறந்த துணைக்கோள் அப்படிச் சுற்றாது. அதனால் ட்ரைட்டானும் ஒரு காலத்தில் புளூட்டோவைப் போலக் கைப்பர் பட்டையில் தனியாகத் திரிந்தது, பக்கத்தில் வந்தபோது நெப்டியூன் இழுத்து வைத்துக்கொண்டது என்றுதான் விஞ்ஞானிகள் நினைக்கிறார்கள். நெப்டியூன் வீட்டுக்குத் தத்துப்போன பங்காளிப் பிள்ளை என்று வைத்துக்கொள்.

புளூட்டோவுக்கே ஐந்து துணைக்கோள்கள் உண்டு. பெரியது ஷாரன், 1,212 கிலோமீட்டர், புளூட்டோவில் பாதி. இரண்டு பிள்ளைகள் கைகோத்துத் தட்டாமாலை சுற்றுவதைப் பார்த்திருப்பாய், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடியே சுற்றுவார்கள், பெரிய பிள்ளையும் ஒரே இடத்தில் நிற்காது. புளூட்டோவும் ஷாரனும் அப்படித்தான் ஆறு நாள் ஒன்பது மணி நேரத்துக்கு ஒரு சுற்று வருகின்றன, ஒன்றுக்கு ஒன்று எப்போதும் ஒரே முகத்தைக் காட்டியபடி. புளூட்டோவில் ஒரு பக்கம் நின்றால் ஷாரன் உதிக்கவும் செய்யாது, மறையவும் செய்யாது, தலைக்கு மேலே ஒரே இடத்தில் நிற்கும். மறுபக்கம் நின்றால் அதை ஒரு நாளும் பார்க்க முடியாது.

கேள்வி: பூமிக்கும் சூரியனுக்கும் இருக்கும் தூரத்தைப் போல 39 மடங்கு, 96 மடங்கு என்று எழுதுகிறீர்கள். ஒன்றும் புரியவில்லை. மதுரைக் கணக்கில் சொல்லுங்கள்.
— ஆட்டோ ஓட்டுநர், அரசரடி

அண்ணே, நீங்கள் கேட்டபடியே மதுரைக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். காகிதத்தில் போட்டதோடு விடாமல் போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றியும் வந்துவிட்டேன். சட்டைப்பையில் ஒரு கோலிக்குண்டு, ஒரு பொட்டலத்தில் கடுகும் மிளகும். மிளகைக் கொட்டி ஸ்கேலில் வைத்து அளந்து, மூன்று மில்லிமீட்டர் இருக்கிற ஒன்றைப் பொறுக்கி எடுக்கவே கால்மணி நேரம் ஆனது, நம் கடைகளில் கிடைக்கும் மிளகு பெரும்பாலும் அதைவிடப் பெரிது.

கணக்கு இதுதான். மீனாட்சியம்மன் கோயில் பொற்றாமரைக் குளத்தின் நடுவில் சூரியனை வையுங்கள், ஒரு நல்ல உயரமான ஆள் அளவுக்கு உருண்டை. பூமி அந்தக் கோலிக்குண்டு. அதை வைக்க வேண்டிய இடம் 200 மீட்டர் தள்ளி, சித்திரை வீதியைத் தாண்டி ஆவணி மூல வீதிக்குப் போகிற வழியில். நிலா ஒரு முழுமிளகு, கோலிக்குண்டிலிருந்து ஒரு முழத்துக்குச் சற்று மேலே. பூக்காரம்மா கையில் அளந்து தரும் அதே முழம்தான். மனிதன் பூமியை விட்டு இதுவரை போயிருக்கும் அதிகபட்ச தூரம் அந்த ஒரு முழம் மல்லிகைதான் என்பது, அந்த வீதியில் நின்று யோசித்தபோது எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை.

அடுத்து செரஸ், ஒரு கடுகு, கோயிலிலிருந்து 550 மீட்டர், மாசி வீதிப் பக்கம் வரும். வியாழன் ஒரு தேங்காய் அளவு, ஒரு கிலோமீட்டர், பெரியார் பேருந்து நிலையத்தில் வைத்துக்கொள்ளலாம். சனி இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைய. யுரேனஸ் வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போய்விடும். நெப்டியூன் ஆறு கிலோமீட்டர், மாட்டுத்தாவணிப் பக்கம். தூரத்தில் நூறு இருநூறு மீட்டர் முன்னே பின்னே இருக்கும், அதை விட்டுவிடுங்கள்.

புளூட்டோவின் சராசரி தூரம் இந்தக் கணக்கில் 7.9 கிலோமீட்டர். திருப்பரங்குன்றம். நான் நேராகச் சரவணப்பொய்கைப் படிக்கட்டுக்குப் போய் உட்கார்ந்து, அந்த மூன்று மில்லிமீட்டர் மிளகை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பொற்றாமரைக் குளத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு விளக்கு, இங்கே எட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு மிளகு, அந்த விளக்கு பிடித்து வைத்திருக்கும் பிடியில் இது 248 வருஷத்துக்கு ஒரு தடவை மதுரையையே சுற்றி வருகிறது. 1930-ல் கண்டுபிடித்த இடத்துக்கு அது இன்னும் திரும்பி வரவில்லை, 2178-ல்தான் வரும். போன சுற்றில் அது சூரியனுக்கு மிக அருகில் வந்தது 1741 வாக்கில், அதாவது மதுரையில் நாயக்கர் ஆட்சி முடிந்து ஐந்து வருஷம் ஆகியிருந்த நேரம்.

வெளிச்சம் இருட்டாக இருக்குமோ என்று நினைத்துவிட வேண்டாம். அங்கிருந்து பார்த்தால் சூரியன் ஒரு புள்ளிதான், ஆனால் நம் பௌர்ணமி நிலாவைப் போல 250 மடங்கு வெளிச்சம் தரும் புள்ளி. அங்கே உச்சி வெயில் என்பது இங்கே சூரியன் மறைந்த சற்று நேரத்தில் தெருவில் இருக்கும் வெளிச்சம். செய்தித்தாள் படிக்கலாம்.

ஈரிஸ் இப்போது இருப்பது 19 கிலோமீட்டரில், அப்பன்திருப்பதியைத் தாண்டி அழகர்கோயிலை நெருங்கும் இடத்தில். அதுவும் ஒரு சின்ன மிளகுதான். அதன் பாதை மற்ற கோள்களின் தளத்திலிருந்து 44 டிகிரி சாய்ந்திருப்பதால் உண்மையில் அதைத் தரையில் வைக்க முடியாது, சாய்வுக்குத் தக்கபடி மேலேயோ கீழேயோ கொண்டுபோக வேண்டும். ஒரு சுற்றுக்குச் சுமார் 559 வருஷம். 2257 வாக்கில் அது உள்ளே வந்து புளூட்டோ தூரத்தையே தொடும். அதற்கு முன்னால் அப்படி வந்தபோது மதுரையை ஆண்டவர் ராணி மங்கம்மாள்.

இந்தக் கணக்கில் ஒளி எவ்வளவு வேகம் தெரியுமா? நிமிஷத்துக்கு 24 மீட்டர். மாசி வீதியில் ஆள் கூடி வடம் பிடிக்கும்போது தேர் நகருமே, கிட்டத்தட்ட அந்த நகர்வு. அந்த வேகத்தில் திருப்பரங்குன்றம் போய்ச் சேர ஐந்தரை மணி நேரம்.

கேள்வி: புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து எடுத்ததால் ஜாதகக் கணிப்பில் ஏதாவது மாறுமா?
— ஒரு வாசகி, திருப்பரங்குன்றம்

மாறாதம்மா. கோயிலில் நீங்கள் சுற்றி வரும் நவகிரகத்தில் புளூட்டோ எப்போதும் இருந்ததில்லை. சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, இந்த ஏழும் கண்ணுக்குத் தெரிபவை. ராகுவும் கேதுவும் வானத்தில் சந்திரன் பாதை சூரியன் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். யுரேனஸே 1781-ல்தான் தெரியவந்தது. நம் பஞ்சாங்கக் கணக்கு அதற்கெல்லாம் எவ்வளவோ முந்தியது. பெயர் ஒன்பது, ஒன்பது என்று ஒத்துப்போனதால் வந்த குழப்பம்தான் இது.

கேள்வி: இவ்வளவு தூரத்தில், வெளிச்சமே இல்லாத சின்னப் பொருள்களை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
— இயற்பியல் இளங்கலை மாணவி, மதுரை

இதற்கு இரண்டு வழி இருக்கிறது தங்கச்சி, இரண்டுமே எனக்கு ரொம்பப் பிடித்தவை.

முதல் வழி, நகர்கிறதா என்று பார்ப்பது. கிளைட் டோம்பா என்ற விவசாயக் குடும்பத்துப் பையன், அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலம். ஆலங்கட்டி மழையில் பயிர் போய், கல்லூரிக்குப் போகும் வாய்ப்பும் போனது. வீட்டில் கிடந்த பழைய வண்டிச் சாமான்களை வைத்துத் தானே தொலைநோக்கி செய்து, அதில் பார்த்த செவ்வாயையும் வியாழனையும் படமாக வரைந்து லோவல் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப, அவர்கள் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். வேலை என்னவென்றால் வானத்தின் ஒரே பகுதியைச் சில நாள் இடைவெளியில் இரண்டு தடவை படமெடுத்து, இரண்டு கண்ணாடித் தட்டையும் ஒரு கருவியில் வைத்து மாற்றி மாற்றிப் பார்ப்பது. ஒரு தட்டில் லட்சக்கணக்கில் நட்சத்திரம். அவை அப்படியே நிற்கும், நகர்வது மட்டும் இப்படியும் அப்படியும் துள்ளும். 1930 ஜனவரி 23, 29 தேதிகளில் எடுத்த தட்டுகளில், பிப்ரவரி 18 அன்று பிற்பகல் ஒரு புள்ளி துள்ளியது. அவருக்கு அப்போது வயது 24. பெயர் வைத்தது இன்னும் சின்னப் பிள்ளை, ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த வெனிஷியா பர்னி என்ற 11 வயதுச் சிறுமி.

ஈரிஸும் அதே வழிதான், கண்ணுக்குப் பதில் கம்ப்யூட்டர். மைக் பிரவுன், சாட் ட்ரூஹியோ, டேவிட் ரபினோவிட்ஸ் மூன்று பேரும் 2003 அக்டோபரில் பாலோமர் மலையிலிருந்து எடுத்த படத்திலேயே ஈரிஸ் இருந்தது. ஆனால் அது மிக மெதுவாக நகர்ந்ததால் கம்ப்யூட்டர் அதைக் கழித்துவிட்டது. செட்னா என்ற இன்னொன்று அதே போல மெதுவாக நகர்வதைப் பார்த்த பிறகு, பழைய படங்களை எடுத்து இன்னும் பொறுமையாக அலசினார்கள், 2005 ஜனவரியில் ஈரிஸ் அகப்பட்டது. ஒதுக்கி வைத்ததைத் திரும்ப எடுத்துப் பார்க்கிற அந்தப் பழக்கத்தை நீங்களும் உங்கள் ஆய்வகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி, நட்சத்திரம் மறைவதைப் பார்ப்பது. தூரத்துப் பொருள் ஒன்று ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும்போது நட்சத்திரம் சில நொடி அணைந்து எரியும். எத்தனை நொடி என்பதிலிருந்து அளவு தெரிந்துவிடும். நடுவில் அணைவதற்கு முன்னும் பின்னும் லேசாக மங்கினால் வளையம் இருக்கிறது என்று அர்த்தம். 2017 ஜனவரி 21 அன்று ஐரோப்பாவின் பல ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து பார்த்தபோது ஹௌமியா என்ற குறுங்கோளுக்கு வளையம் இருப்பது இப்படித்தான் தெரிந்தது. நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அதன் வளையங்களைக் காட்டிக்கொடுத்த அந்த மறைப்பை ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் ஆய்வுக்கூடத்திலிருந்தும் பதிவு செய்தார்கள்.

கேள்வி: மொத்தம் எத்தனை பங்காளிகள்?
— நெசவாளர், செல்லூர்

அதிகாரப்பூர்வமாக ஐந்து: செரஸ், புளூட்டோ, ஹௌமியா, மகேமகே, ஈரிஸ். வரிசையில் காத்திருப்பவை கோங்கோங், க்வாவார், செட்னா, ஓர்கஸ் என்று நீளும். அத்தனை தூரத்தில் இருப்பது உருண்டைதானா என்று உறுதி செய்வது கஷ்டம், அதனால்தான் பட்டியல் மெதுவாக நகர்கிறது.

இவற்றில் என்னை அதிகம் இழுத்தது ஹௌமியா. நான்கு மணி நேரத்துக்குள் தன்னைத் தானே ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. அந்த வேகத்தில் உடம்பே இழுபட்டு, நீளவாக்கில் 2,000 கிலோமீட்டருக்கு மேல், மறுவாக்கில் அதில் பாதிதான், கோழிமுட்டையைக் கொஞ்சம் தட்டையாக்கின மாதிரி. வேகமாகச் சுழலும் திரவம் இப்படி நீண்ட வடிவம் எடுக்கும் என்பது கணிதத்தில் பழைய விஷயம், நம் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1960-களில் பல வருஷம் அதில் உழைத்தார். அந்த வடிவத்தில் ஒன்று உண்மையாகவே வானத்தில் சுற்றிக்கொண்டிருப்பது அவர் காலமாகிப் பத்து வருஷம் கழித்துத்தான் உலகத்துக்குத் தெரிந்தது, அதுதான் எனக்கு வருத்தம். இதை யார் முதலில் கண்டார்கள் என்பதில் அமெரிக்கக் குழுவுக்கும் ஸ்பெயின் குழுவுக்கும் பெரிய தகராறு. கடைசியில் அமெரிக்கக் குழு சொன்ன பெயர், ஸ்பெயினின் ஆய்வுக்கூடம், கண்டுபிடித்தவர் என்ற இடம் வெற்று, இப்படித்தான் பதிவாகியிருக்கிறது.

கேள்வி: புளூட்டோவில் மலை இருக்கிறதாமே. எதனால் ஆன மலை?
— விவசாயி, வாடிப்பட்டி

தண்ணீரால் ஆன மலை, ஐயா. அங்கே குளிர் மைனஸ் 230 டிகிரி செல்சியஸ் அளவில். அந்தக் குளிரில் பனிக்கட்டி நம் யானைமலைப் பாறையைப் போலக் கெட்டியாகிவிடும். 2006 ஜனவரியில் கிளம்பிய நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் ஒன்பதரை வருஷம் ஓடி, 2015 ஜூலை 14 அன்று புளூட்டோவுக்கு 12,500 கிலோமீட்டர் பக்கத்தில் போய்ப் படமெடுத்தது. மதுரையிலிருந்து சென்னைக்கு அரை நிமிஷத்தில் போகிற வேகம், நிறுத்த வழியே இல்லை, கடந்து போகும்போது எடுத்ததுதான் படம். அதில் தெரிந்த மலைத்தொடர் ஒன்றுக்குத் தென்சிங் என்று பெயர், எவரெஸ்ட்டில் ஏறிய நம் தென்சிங் நார்கேதான். அதன் உச்சி ஆறு கிலோமீட்டர், கொடைக்கானலை மூன்று தடவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கின உயரம். இன்னொரு தொடருக்கு ஹிலாரி பெயர்.

மலைக்குப் பக்கத்தில் ஆயிரம் கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வெள்ளைச் சமவெளி. அது நைட்ரஜன் பனி, நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் இருக்கிற அதே நைட்ரஜன் அங்கே உறைந்து கிடக்கிறது. அந்தச் சமவெளியில் ஒரு விண்கல் பள்ளம்கூட இல்லை. அடியிலிருந்து வரும் கொஞ்சநஞ்சச் சூட்டில், அடுப்பில் கெட்டிக் கஞ்சி மெல்லப் புரண்டு கொதிப்பது போல அந்தப் பனி புரண்டு புரண்டு தன் மேல்தோலை மாற்றிக்கொண்டே இருக்கிறது. செத்துப்போன கல் என்று நினைத்திருந்த இடம், ஐயா, இவ்வளவு உயிரோட்டமாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விண்கலத்தின் வானொலி அனுப்பி 12 வாட்தான், நம் வீட்டு எல்.இ.டி. பல்பு அளவு. அதை வைத்துக்கொண்டு அத்தனை படத்தையும் தகவலையும் அனுப்பி முடிக்க 2016 அக்டோபர் வரை ஆனது. அந்தக் கலத்துக்குள் ஒரு சின்னச் சிமிழில் டோம்பாவின் அஸ்தியில் ஒரு பகுதியும் போனது.

கேள்வி: எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து புளூட்டோ தெரியுமா?
— ஒரு வாசகர், அலங்காநல்லூர்

வெறும் கண்ணுக்குத் தெரியாது. நம் கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான நட்சத்திரத்தை விட இரண்டாயிரம் மடங்குக்கும் மேல் மங்கல். பத்து, பன்னிரண்டு அங்குலத் தொலைநோக்கியும் நல்ல இருட்டும் வேண்டும். இப்போது அது மகர விண்மீன் கூட்டத்தில் இருக்கிறது, ஆடி மாதத்து இரவுதான் தேடுவதற்கு ஏற்ற காலம், பௌர்ணமியைத் தவிர்த்துவிடுங்கள்.

தொலைநோக்கி இல்லையென்றால் செரஸைத் தேடுங்கள். அது பளிச்சென்று வரும் மாதங்களில் சாதாரணப் பைனாகுலரே போதும். அது இருக்கும் இடத்தைக் கைபேசிச் செயலியில் பார்த்துக்கொண்டு, அங்கே தெரியும் புள்ளிகளை ஒரு காகிதத்தில் வரையுங்கள். மூன்று நாள் கழித்து மறுபடி வரையுங்கள். எந்தப் புள்ளி இடம் மாறியதோ அதுதான் செரஸ். டோம்பா செய்த வேலையும் இதேதான்.

கேள்வி: செட்னா 11,000 வருஷத்துக்கு ஒரு தடவை வரும் என்று படித்தேன். எப்போது வரும்? நான் பார்க்க முடியுமா?
— ஏழாம் வகுப்பு மாணவி, திருமங்கலம்

பார்க்கலாம் பாப்பா. செட்னா ஒரு சுற்று முடிக்கச் சுமார் 11,400 வருஷம். ஆட்டோ அண்ணனுக்குச் சொன்ன மதுரைக் கணக்கில், அது தூரமாகப் போகும்போது 180 கிலோமீட்டருக்கு அப்பால், தஞ்சாவூரையும் தாண்டிப் போய்விடும். பக்கத்தில் வரும்போதுகூட 15 கிலோமீட்டர், உங்கள் திருமங்கலத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். கீழடியில் 2,600 வருஷத்துக்கு முன்னால் ஜனங்கள் குடியிருந்தபோது செட்னா தன் கோடியைத் தொட்டுவிட்டுத் திரும்பி, ஏற்கெனவே மூவாயிரம் வருஷமாக நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தது.

அது சூரியனுக்கு மிகப் பக்கத்தில் வருவது 2076 வாக்கில். உனக்கு அப்போது அறுபது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அங்கே போக வேண்டுமானால் விண்கலத்துக்கு இருபது வருஷத்துக்கு மேல் பயண நேரம் ஆகும், அதனால் அதைச் செய்து அனுப்ப வேண்டிய வயதில் இருக்கப்போவது உன் வகுப்பில் படிக்கிறவர்கள்தான். கணக்குப் பாடத்தை விட்டுவிடாதே. அனுப்பினால் எனக்கு ஒரு கடிதம் போடு.